என் கூட்டாளி

அழுகல் என் கூட்டாளி.
கூலி கேட்காதவன்.
ஜனவரியில் மக்குவேனிக்கு லாரியை ஓட்டிப் போய்
வேலமர நிழலில் நிறுத்திவிட்டு
இருக்கையைச் சாய்த்துத் தூங்குவேன்.
மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.

காலையில் ஒரு காய் பன்னிரண்டு ஷில்லிங் என்பார்கள்.
நான் ரேடியோவின் காதைத் திருகுவேன்.
மதியம் ஒன்பது.
குவியலின் அடியில் எங்கோ
ஒரு காம்பருகே கறுப்புப் புள்ளி விழும்.
ஈக்குத்தான் முதலில் தெரியும், அப்புறம் எனக்கு,
கடைசியில்தான் சொந்தக்காரருக்கு.
பொழுது சாய்கையில் நாலு ஷில்லிங்குக்கு
அவர்களே லாரியில் ஏற்றிவிடுவார்கள்.
நன்றி வேறு சொல்வார்கள்.

சியோம்புவா மட்டும் சொன்னதில்லை.
இரண்டு முறை எண்ணுவாள்,
பணத்தை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு
திரும்பி நடப்பாள்.

ஒரு வருஷம் அவள் கொட்டகைக்கு ஒரு தொட்டி வந்தது.
கற்றாழைச் சாறு, தேன்மெழுகு, ஏதோ எண்ணெய்,
எல்லாம் கலங்கிய வெந்நீர்.
அப்படியே தின்னலாமாம். கழுவ வேண்டாமாம்.
ஞானஸ்நானம் முடிந்த பிள்ளைகள் மாதிரி
காய்கள் முழுகி எழுந்து
கம்பிவலையில் வரிசையாகக் காய்ந்தன.
நான் சிரித்தேன்.

பதினோராம் நாள் அவை கண்ணாடியாய் மின்னின.
சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.
அவள் கத்தியை இறக்கினாள்:
கல்யாணம் முடிந்து மறந்துபோன
கள்பானையின் வாடை.
கனமாகப் போர்த்திவிட்டாள்.
மூச்சு முட்டிய பழம்
தன்னையே காய்ச்சிக் குடித்திருந்தது.
இரண்டு ஷில்லிங்குக்கும் நான் எடுக்கவில்லை.
ஆடுகள் தின்றுவிட்டு வேலியில் முட்டிக்கொண்டன.

அடுத்த வருஷம் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன்.
ஒன்றும் இல்லை.
நகத்தால் சுரண்டினேன்.
ஒன்றும் இல்லை.
எவ்வளவு நீர் கூட்டினாளோ,
எத்தனை கூடையைப் பாழாக்கிப் பதம் பிடித்தாளோ,
அந்தக் கணக்கு என் நோட்டில் ஏறவில்லை.
"பூசியிருக்கிறாயா இல்லையா?"
ஜன்னல் விளிம்பைக் காட்டினாள்.
இரண்டு காய்கள். ஒரே கிளை, ஒரே நாள் பறித்தவை.
ஒன்று சுருங்கிக் கறுத்து
எறும்புகளுக்கு வீடாகியிருந்தது.
மற்றது, பழுக்கலாமா வேண்டாமா என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

"பதினாலு" என்றாள்.

வேலமர நிழலுக்குப் போனேன். இருக்கையைச் சாய்த்தேன்.
மதியம் ஆனது. பதினாலு.
கோழிகளை அடைத்தாள். பதினாலு.
மூன்று நாள் அங்கேயே கிடந்தேன்.
கூட்டாளியைத் தேடி
இரவில் டார்ச்சோடு குவியலைச் சுற்றி வந்தேன்.
முகர்ந்தேன். அமுக்கினேன்.
அவன் வரவில்லை.
பொறுமை அவளிடம் எப்போதும் இருந்திருக்கிறது.
இல்லாமலிருந்தது நாள்தான்.

நாலாம் நாள் பதினைந்து கேட்டாள்.
என் லாரி அவள் நிழலில் நின்ற வாடகையாம்.
கொடுத்தேன்.

மொம்பாசா சாலையில், வோய்க்கு இப்பால்,
பாலத்தை வெள்ளம் தின்றுவிட்டிருந்தது.
ஐந்து இரவுகள்.
எனக்கு முன்னால் தக்காளி, பின்னால் தக்காளி.
இரண்டு லாரியும் சொட்டுச் சொட்டாய்
தார்ச்சாலையில் இறங்கிக்கொண்டிருந்தன.
முன்லாரிக்காரன் கியாலோ
தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.
என் பழைய கூட்டாளி அங்கேதான் இருந்தான்,
ராப்பகலாக வேலை செய்துகொண்டு,
என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல்.

கடைசி இரவு
ஒரு பழத்தைத் தோலோடு கடித்தேன்,
அந்தப் பூச்சு எப்படி இருக்கும் என்று பார்க்க.
மாம்பழம்.
கொஞ்சம் டீசல், அது என் கை.
வேறு எதுவும் இல்லை.
கியாலோவுக்கு ஒன்று கொடுத்தேன்,
கொட்டையைச் சப்பி முடிக்கும் வரை
அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கொங்கோவேயா சந்தையில்
ஒன்று நாற்பதுக்குப் போனது.
அதை நான் சியோம்புவாவிடம் சொல்லவில்லை.
அடுத்த ஜனவரியில்
அவளே சொல்வாள்.